நெல்லையில் நடந்து பழகுதல்: வெளிநாட்டிலிருந்து வந்து தங்கியவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இந்தப் பதில்களை எழுதுபவர் யார்?

மலேசியாவின் ஈப்போ நகரில் பிறந்து வளர்ந்தவன் நான். மனைவியின் பெற்றோருக்கு வயதாகிவிட்டதால், அவர்கள் இருக்கும் அம்பாசமுத்திரத்துக்குப் பக்கமாக இருக்க வேண்டும் என்று ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பு பாளையங்கோட்டையில் வீடு பார்த்துக் குடியேறினோம். பேச்சு தமிழ்தான், சாப்பாடும் பழகியதுதான், வெயில்கூட வெப்பமண்டலத்து வெயில்தான். ஆனாலும் முதல் ஆறு மாதம், காலையில் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் இறங்கினால் எந்தப் பக்கம் திரும்புவது என்று எனக்குத் தெரியவில்லை. எனக்குப் பின் சிங்கப்பூரிலிருந்தும் துபாயிலிருந்தும் வந்து இங்கே தங்கிய சில குடும்பத்தார் அதே தயக்கத்துடன் என்னிடம் கேட்டவற்றையும், நான் சொல்லிவந்த பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

நடப்பதற்கு நல்ல பூங்கா எங்கே இருக்கிறது?

நானும் முதலில் இதைத்தான் கேட்டேன். ஈப்போவில் எனக்கு நடை என்றால் வேலி போட்ட பூங்காவும் அதற்குள் ஒரு வட்டப் பாதையும்தான். அப்படி ஒன்று வேண்டுமென்றால், பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்தில் விடியற்காலையில் நடப்பவர்களோடு நீங்களும் சேர்ந்துகொள்ளலாம். உடற்பயிற்சிக்கு அது போதும். இயற்கையைப் பார்ப்பதற்காக நடப்பதென்றால் தண்ணீர் போகும் வழியே போக வேண்டும். பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலோடு சேரும் தாமிரபரணி சுமார் 128 கிலோமீட்டர்தான் ஓடுகிறது. அந்தத் தூரத்துக்குள் எட்டு அணைக்கட்டுகள் தண்ணீரைத் திருப்பிவிடுகின்றன. அணைக்கட்டிலிருந்து கால்வாய்க்கும், கால்வாயிலிருந்து குளத்துக்கும், ஒரு குளம் நிரம்பினால் தண்ணீர் வழியும் மறுகாலிலிருந்து அடுத்த குளத்துக்கும் என்று நீரின் வழி ஊரெங்கும் பின்னிக் கிடக்கிறது. ஆற்றங்கரை, கால்வாய்க்கரை, குளத்தங்கரை ஆகிய மூன்றும்தான் இங்குள்ள நடைபாதைகள். அவற்றை யாரும் உலாவுவதற்காகப் போடவில்லை. மடை திறக்க வருபவருக்கும், மாடு ஓட்டி வருபவருக்கும், குளிக்க வருபவருக்கும் வழி விட்டு, மிஞ்சும் ஓரத்தில் நாம் நடக்க வேண்டும்.

எந்த நேரத்தில் கிளம்புவது?

மலேசியக் கடிகாரத்தில் சூரியன் உதிக்கவே ஏழு மணியைத் தாண்டும். இங்கே ஆண்டு முழுவதும் ஆறு மணிக்கும் ஆறே முக்காலுக்கும் இடையில் விடிந்துவிடுகிறது. விடியும்போது கிளம்பி எட்டு மணிக்குள் வீடு திரும்புங்கள். மாலையென்றால் ஐந்து மணிக்கு மேல் கிளம்பலாம், இருட்டுவதற்குள் கரையை விட்டு இறங்கிவிட வேண்டும்.

எந்த மாதங்கள் நடைக்கு உகந்தவை?

ஈப்போவில் மழை எந்த மாதத்திலும் வரும், அதனால் அங்கே மாதத்தைப் பார்த்து யாரும் நடப்பதில்லை. இங்கே மாதத்துக்கு மாதம் நடக்கும் இடத்தையே மாற்ற வேண்டியிருக்கிறது. ஜூன் மாதம் வந்த புதிதில் எனக்குப் பெரிய குழப்பம். ஊரில் ஒரு சொட்டு மழை இல்லை, கண்ணைத் திறக்க முடியாத புழுதிக் காற்று, ஆனால் ஆற்றில் தண்ணீர் புரண்டு வருகிறது. காரணம் எளியது. தென்மேற்குப் பருவமழை மலையின் மேற்குச் சரிவிலும் உச்சியிலும் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் இறங்கும்போது ஈரம் இழந்த வெறுங்காற்றாகிவிடுகிறது. செங்கோட்டைக் கணவாயை ஒட்டிய குற்றாலம் வரை சாரல் விழுந்தாலும், கிழக்கே வர வர அது தேய்ந்து, பாளையங்கோட்டைக்குக் காற்று மட்டுமே வந்து சேர்கிறது. மலையுச்சியில் பெய்த மழையோ ஆறாக இறங்கி வந்துவிடுகிறது. அந்தத் தண்ணீரை நம்பித்தான் இங்கே கார் எனப்படும் முதல் போக நெல் சாகுபடி. பாபநாசம் அணையைத் திறந்து கால்வாய்களில் தண்ணீர் விட்டால் நாற்றங்கால்கள் பச்சையாகும், கொக்குகள் உழவு மாட்டின் பின்னாலும் டிராக்டரின் பின்னாலும் நடக்கும். காற்றுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு கால்வாய்க்கரையில் நடக்க ஏற்ற காலம் அது.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. ஊருக்கென்று பெய்யும் மழையில் பெரும்பகுதி இதுதான். பிசானம் எனப்படும் இரண்டாம் போக நெல் சாகுபடியும் குளங்கள் நிறைவதும் இதனால்தான். அப்போது கரைகள் சேறாக இருக்கும், திட்டம் போட்டு நடக்க முடியாது. ஜனவரி முதல் மார்ச்சு நடுப்பகுதி வரை குளங்களில் தண்ணீரும், தண்ணீரில் பறவையும், காலையில் இலேசான குளிரும் சேர்ந்திருக்கும். ஆண்டில் பத்து நாள்தான் நடக்க முடியும் என்பவர்கள் அந்தப் பத்து நாளையும் இந்தப் பருவத்தில் வைத்துக்கொள்ளலாம். ஏப்ரல், மே மாதங்களில் கால்வாய்கள் அடைபட்டுக் குளங்கள் வெடித்துக் கிடக்கும். அப்போது ஆறும் பனங்காடும்தான் கதி.

வீட்டிலிருந்து நடந்தே போய்வரக்கூடிய ஒரு வழியைச் சொல்ல முடியுமா?

நான் வாரத்தில் மூன்று நாள் போகும் வழியைச் சொல்கிறேன். பாளையங்கோட்டைப் பக்கத்திலிருந்து கொக்கிரகுளத்துக்கு இறங்கினால் மாவட்ட அறிவியல் மையமும் கலெக்டர் அலுவலகமும் வரும். அடுத்து ஆறு. ஆற்றின் குறுக்கே நிற்கும் சுலோசன முதலியார் பாலம் 1843இல் திறக்கப்பட்டது. கலெக்டர் அலுவலகத்தில் சிரஸ்தாராக, அதாவது தலைமை அலுவலராக இருந்த சுலோசன முதலியார் தம் சொந்தப் பணத்தில் அதைக் கட்டிக் கொடுத்தார் என்பதால் அவர் பெயரே நிலைத்துவிட்டது. பக்கத்தில் இப்போது புதுப் பாலமும் வந்துவிட்டது. பேருந்துகளின் ஆரவாரத்தில் பாலத்தின் மேல் நிற்க மனம் வராது என்றாலும், காலை ஆறரைக்குக் கைப்பிடிச் சுவரோரம் நின்று கீழே பார்த்தால், பாறைகளில் இறக்கையை விரித்துக் காய வைக்கும் நீர்க்காகங்களும், ஆளுக்கொரு கல்லைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்கும் மடையான்களும் தெரியும்.

பாலத்தைக் கடந்து ஆற்றின் மேல்பக்கமாகப் போனால் குறுக்குத்துறை. ஆற்றுக்குள்ளேயே முருகன் கோயில் இருக்கிறது. வெள்ளம் வந்தால் கோயில் மூழ்கும். அதற்கு முன்பே உற்சவரை மேட்டில் இருக்கும் மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள், வெள்ளம் வடிந்ததும் மணலையும் சேற்றையும் வாரிக் கொட்டிவிட்டு மறுபடியும் பூசை தொடங்கும். ஆற்றை எதிர்த்து மேட்டில் கட்டாமல், ஆற்றுக்கு வழிவிடத் தெரிந்த கோயில் என்று நான் அதைப் பார்க்கிறேன். மண்டபத்தில் உட்கார்ந்து ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தால் அரை மணி நேரம் போவது தெரியாது. போய்வர எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆகிறது. திரும்பும்போது கால் வலித்தால் டவுண் பேருந்து எப்போதும் உண்டு.

கால்வாய்க் கரைகளில் நடப்பது பாதுகாப்பானதா?

பாதுகாப்புக்குக் குறைவில்லை, சுத்தத்துக்குத்தான் குறைவு. பழவூர் அணைக்கட்டிலிருந்து வரும் பாளையங்கால்வாய் மேலப்பாளையத்தையும் பாளையங்கோட்டையையும் தொட்டுப் போகிறது. சுத்தமல்லி அணைக்கட்டிலிருந்து வரும் நெல்லைக் கால்வாய் டவுண் எனப்படும் பழைய திருநெல்வேலிப் பக்கம் போகிறது. வீடுகள் நெருக்கமாக உள்ள இடங்களில் இவற்றின் கரையில் மூக்கைப் பிடிக்காமல் நடக்க முடியாது, சாக்கடையும் குப்பையும் அதில்தான் சேர்கின்றன. வீடுகள் முடிந்து வயல் தொடங்கும் இடத்தில் அதே கால்வாய் வேறொன்றாகிவிடுகிறது. கரையில் நாவலும் புங்கமும் நிழல் தரும், தண்ணீருக்கு மேலே சாய்ந்த கிளையில் மீன்கொத்தி உட்கார்ந்திருக்கும். ஆகவே ஊரின் எல்லை வரை பேருந்திலோ வண்டியிலோ போய், அங்கிருந்து மேல்பக்கமாக நடங்கள். வரப்பில் இறங்கும்போது நாற்று நட்ட வயலா என்று பார்த்து இறங்க வேண்டும். யாராவது வேலை செய்துகொண்டிருந்தால் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குவது மரியாதை.

படித்துறைகளில் படம் எடுக்கலாமா?

கூடாது. இதை நான் அவமானப்பட்டுக் கற்றுக்கொண்டேன். வந்த முதல் ஆண்டு, ஆற்றங்கரையில் ஒரு வெண்மார்பு மீன்கொத்தியைத் தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தேன். பறவை இருந்த மரத்துக்குக் கீழே பெண்கள் குளிக்கும் துறை இருப்பதை நான் கவனிக்கவில்லை. ஈரச் சேலையுடன் படியேறி வந்த ஓர் ஆச்சி, "ஏய்யா, பொம்பளைய குளிக்க எடத்துல குழாய வச்சு என்னத்தப் பாக்க?" என்று உரக்கக் கேட்டார். நான் பறவையைக் காட்டினேன். அது அதற்குள் பறந்துவிட்டிருந்தது. அவர் நம்பவில்லை, நம்ப வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை. படித்துறை என்பது ஆற்றங்கரையில் இருந்தாலும் வீட்டுக் குளியலறைக்குச் சமமான இடம். காலை ஆறு முதல் ஒன்பது வரை துறைகளின் பக்கம் கேமராவையும் தொலைநோக்கியையும் பையிலிருந்து எடுக்காதீர்கள். பெண்கள் துறையை ஆண்கள் குறுக்கே கடக்காமல் மேட்டு வழியில் சுற்றிப் போவது நல்லது.

ஆற்றில் இறங்கிக் குளிக்கலாமா?

உள்ளூர்க்காரர் ஒருவர் கூட வந்தால், அவர் இறங்கும் இடத்தில் மட்டும் இறங்கலாம். மணல் அள்ளிய பள்ளங்கள் மேலிருந்து பார்த்தால் தெரியாது. முழங்கால் ஆழம் அடுத்த அடியில் ஆள் ஆழமாகிவிடும். நீந்தத் தெரியும் என்ற தைரியம் இதில் உதவாது.

வழியில் பார்ப்பவர்கள் எல்லாரும் எங்கே போகிறீர்கள் என்று கேட்கிறார்களே, என்ன சொல்வது?

"எங்க போறிய அண்ணாச்சி?" என்பது விசாரணை அல்ல, வணக்கத்தைப் போன்றது. முதலில் எனக்கு அது எரிச்சலாக இருந்தது. ஈப்போவில் முன்பின் தெரியாதவர் அப்படிக் கேட்டால் போலீஸ்காரராகத்தான் இருப்பார். "சும்மா நடக்கேன்" என்று உள்ளூர்ப் பேச்சில் சொல்லிப் பார்த்தேன், அது யாருக்கும் திருப்தி தரவில்லை. காரணமில்லாமல் ஒருவன் குளத்தங்கரையில் ஏன் நடக்க வேண்டும் என்று அவர்கள் யோசிப்பது நியாயம்தான். "பறவை பார்க்கப் போகிறேன்" என்று சொன்ன நாளிலிருந்து நிலைமை மாறிவிட்டது. எந்தக் குளத்தில் நேற்று கூழைக்கடா இறங்கியது, எந்த மடையில் பாம்புத்தாரா இருக்கிறது என்று அவர்களே சொல்ல ஆரம்பித்தார்கள். எனக்குத் தெரிந்த பறவைச் செய்தியில் பாதி இப்படி வந்ததுதான். அயர்லாந்தில் பிறந்த பாதிரியாரும் மொழியறிஞருமான கால்டுவெல் 1841இல் சென்னையிலிருந்து நீலகிரி வழியாகச் சுற்றிக்கொண்டு நடந்தே இந்தச் சீமைக்கு வந்து இடையன்குடியில் தங்கினார் என்பார்கள். அந்த வழி முழுவதும் இந்தக் கேள்விக்கு அவர் என்ன பதில் சொல்லிக்கொண்டு வந்திருப்பார் என்று நான் சில சமயம் நினைத்துக்கொள்வதுண்டு.

பறவைகளைப் பார்க்க எங்கே போக வேண்டும்?

தொலைவு போகத் தேவையில்லை. டவுணில் நயினார்குளம், பாளையங்கோட்டையில் புதுப் பேருந்து நிலையத்தை ஒட்டிய வேய்ந்தான்குளம் ஆகியவற்றில் தண்ணீர் இருக்கும் மாதங்களில் நீர்க்காகம், நாமக்கோழி, தாழைக்கோழி, கொக்கு வகைகள் ஆகியவற்றைப் பேருந்துக்குக் காத்திருக்கும் நேரத்திலேயே பார்த்துவிடலாம்.

ஒரு நாளை ஒதுக்க முடிந்தால் கூந்தன்குளத்துக்குப் போங்கள். நாங்குநேரி வட்டத்தில், மூலைக்கரைப்பட்டி வழியாகப் போக வேண்டிய சிற்றூர். திருநெல்வேலியிலிருந்து ஏறத்தாழ 38 கிலோமீட்டர். 1994இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது, இப்போது உலக முக்கியத்துவம் வாய்ந்த நீர்நிலைகளின் ராம்சர் பட்டியலிலும் இடம்பெற்றிருக்கிறது. பரப்பு சுமார் 129 ஹெக்டேர்தான். பெரிய காட்டை எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாந்து திரும்புவதை நான் பார்த்திருக்கிறேன், ஏனென்றால் அங்கே காடே இல்லை. குளம், கருவேல மரங்கள், அப்புறம் ஊர். ஊர்த் தெருவில் வீட்டு வாசலில் நிற்கும் வேம்பிலும் புளியிலும் சங்குவளை நாரையும் கூழைக்கடாவும் கூடு கட்டும். கீழே கட்டிலில் படுத்திருப்பவர் மேலே நடக்கும் அலகுச் சத்தத்தைப் பொருட்படுத்த மாட்டார். எச்சம் விழும், மீன் நாற்றம் அடிக்கும். ஆனாலும் யாரும் கூட்டைக் கலைப்பதில்லை. பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்குக்கூட வெடி போடாத ஊர் அது. எச்சம் கலந்த குளத்து வண்டல் வயலுக்கு நல்ல உரமாவதால் அந்த உறவில் ஊருக்கும் பங்குண்டு. குளிர்காலத்தில் நடு ஆசியாவிலிருந்து இமயத்தைக் கடந்து வரும் வரித்தலை வாத்துகளைப் பார்க்க வேண்டுமானால் ஜனவரியில் போக வேண்டும். குஞ்சுகளைப் பார்க்க மார்ச்சு, ஏப்ரல் ஏற்றது. குளம் வறண்ட ஆண்டில் இரண்டும் கிடைக்காது. ஆகவே போவதற்கு முன் தண்ணீர் இருக்கிறதா என்று யாரிடமாவது கேட்டுக்கொள்ளுங்கள்.

பறவைகளின் பெயர் தெரியாதவர்கள் கற்றுக்கொள்ள வழி இருக்கிறதா?

இருக்கிறது. மணிமுத்தாற்றில் இயங்கும் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம் 2011 முதல் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பை நடத்திவருகிறது. ஜனவரி மாதத்தில் தன்னார்வலர்கள் குழு குழுவாகப் பிரிந்து குளம் குளமாகப் போவார்கள். தெரியாதவர்களும் தெரிந்தவர்களோடு சேர்ந்து போகலாம். நத்தைகுத்தி நாரையையும் அரிவாள் மூக்கனையும் எனக்குப் பிரித்துச் சொல்லிக் கொடுத்தவர் அப்படி ஒரு குளத்தங்கரையில் கிடைத்த கல்லூரி மாணவர்.

நடக்க முடியாத முதியவர்களை அழைத்துப் போகும் இடம் ஏதாவது உண்டா?

திருப்புடைமருதூர். தாமிரபரணியோடு கடனா நதி சேரும் இடத்தில் நாறும்பூநாதர் கோயில் இருக்கிறது; கோயிலைச் சுற்றியுள்ள மருத மரங்களிலும் இலுப்பை மரங்களிலும் கொக்கும் நாரையும் அடையும். மூன்று ஹெக்டேருக்கும் குறைந்த அந்த இடம் 2005இல் பறவைகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. வண்டி கோயில் வாசல் வரை போகும். பெரியவர்களை மண்டபத்தில் உட்கார வைத்துவிட்டு நாம் ஆற்றங்கரைக்குப் போய்வரலாம். கோபுரத்துக்குள் இருக்கும் பழைய சுவரோவியங்களையும் மரச் சிற்பங்களையும் பார்க்க அனுமதி கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். என் மாமனார் அங்கே உட்கார்ந்தால் எழுந்திருக்க மறுப்பார்.

மான்களைப் பார்க்க முடியுமா?

தூத்துக்குடி சாலையில் வல்லநாட்டில் வெளிமான் சரணாலயம் இருக்கிறது, 1987 முதல். மதுரைச் சாலையில் கங்கைகொண்டானில் புள்ளிமான் சரணாலயம் 2013இல் வந்தது. இரண்டிலும் வனத்துறையினரைக் கேட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வெளிமான் வெயில் ஏறினால் புதருக்குள் போய்விடும் என்பதால் காலையில் முதல் ஆளாகப் போகாவிட்டால் கல்லையும் முள்ளையும் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும்.

பாபநாசம் மலைக்குப் போவதைப் பற்றி?

கட்டாயம் போக வேண்டிய இடம், நினைத்தபடி நடக்க முடியாத இடம். சோதனைச் சாவடியைத் தாண்டினால் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். 1988இல் அறிவிக்கப்பட்ட இது தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். பரப்பு சுமார் 895 சதுர கிலோமீட்டர். சாலையை விட்டு இறங்கித் தனியாகக் காட்டுக்குள் நடப்பது சட்டப்படி குற்றம். அகத்தியர் அருவிக்குப் போய்வருவதும், ஆடி அமாவாசைக் கூட்டம் இல்லாத நாளில் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போவதும் வெளியூர்க்காரருக்குப் போதுமானவை. அருவியில் குரங்குகளிடம் பையைப் பறிகொடுக்காதவர்கள் அதிர்ஷ்டசாலிகள்.

பாபநாசத்தில் குளித்துவிட்டுப் பழைய துணியை ஆற்றில் விடும் வழக்கம் இருக்கிறது. பாவம் போகும் என்று நம்பி விடுகிறார்கள். அந்தத் துணி பாறையிடுக்கில் சிக்கி அழுகுவதையும், கீழே பலருக்கும் குடிநீராகும் தண்ணீர் அதன் மேல் ஓடுவதையும் நான் பார்த்துவிட்டதால், உறவினர்கள் கோபித்துக்கொண்டாலும் எங்கள் வீட்டில் யாரையும் துணி விட அனுமதிப்பதில்லை.

இங்கே தவறாமல் தெரிந்துகொள்ள வேண்டிய மரங்கள் எவை?

மூன்றைச் சொல்வேன். ஆற்றங்கரையில் வழவழப்பான வெளிர்ப் பட்டையோடு பருத்து நிற்பது மருதம். செம்மண் காட்டில் குடையை விரித்துக் கவிழ்த்தது போலத் தட்டையாகப் படர்ந்திருப்பது உடை. வேறு ஊர்களில் பார்க்காத அந்த உருவத்தைப் பார்த்தாலே நெல்லைக்கு வந்துவிட்டோம் என்று தெரியும், ஆனால் அதன் முள் ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு காலுக்குள் போய்விடும். மூன்றாவது பனை. அதை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை என்றாலும், தெற்கே போகப் போகப் பனையைத் தவிர வேறெதுவும் இல்லாத வெளியில் காற்று ஓலையை உரசும் சத்தத்தை நின்று கேட்க வேண்டும்.

நடந்து முடித்ததும் என்ன சாப்பிடுவது?

கோடையில் பதநீர். அக்கானி என்றும் சொல்வார்கள். பனையோலைப் பட்டையில் ஊற்றி, நுங்கு கிடைக்கும் நாளில் அதையும் பிய்த்துப் போட்டுத் தருவார்கள். இறக்கிய சூட்டோடு காலை எட்டு மணிக்குள் குடித்துவிட வேண்டும். வெயில் ஏறியபின் விற்பதை வாங்காதீர்கள், புளித்திருக்கும். தைப் பொங்கலை ஒட்டிப் பனங்கிழங்கு. மற்ற மாதங்களில் டீக்கடைதான்.

பாம்பு, நாய் பயம் உண்டா?

உண்டு. கண்ணாடி விரியனும் நல்ல பாம்பும் கரைகளில் இருக்கின்றன. டார்ச்சு இல்லாமல் இருட்டில் நடக்காதீர்கள், புல் மூடிய இடத்தில் கால் வைக்காதீர்கள். கடித்துவிட்டால் கீறுவதும் இறுக்கிக் கட்டுவதும் வேண்டாம். கடிபட்டவரை நடக்க விடாமல், காலை அசைக்காமல், பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனைக்கு நேரே கொண்டுபோக வேண்டும். நாய்களுக்கு, ஓடாமல் நிற்பதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

மழைக்காலத்தில் ஆற்றங்கரைக்குப் போகலாமா என்று எப்படி அறிவது?

உள்ளூர்க்காரர்களைப் போல அணையின் நீர்மட்டத்தைப் பாருங்கள். அணை நிறைந்தால் பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156 அடி, மணிமுத்தாறு 118 அடி. இவற்றில் இன்று எத்தனை அடி இருக்கிறது என்பது நாளிதழில் தினமும் வரும். முதலில் இதை ஏன் எல்லாரும் மனப்பாடமாகச் சொல்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் புரிந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பெய்த அந்த இரண்டு நாள்களில், ஆறு கரையை மீறி ஊருக்குள் வந்தது. குறுக்குத்துறைக் கோயில் தண்ணீருக்குள் போனது. நான் வாரம் மூன்று நாள் நடக்கும் வழியில் எது ஆறு, எது சாலை என்று தெரியவில்லை. அணை நிறையும் நிலையில் இருக்கும்போது மலையில் மழை என்று கேட்டால், ஊரில் வெயில் அடித்தாலும் ஆற்றுப் பக்கம் போகாதீர்கள்.

கையில் என்ன கொண்டுபோக வேண்டும்?

தண்ணீர், தொப்பி, துண்டு, கெட்டியான அடியுள்ள செருப்பு. பழைய துணிப்பை ஒன்றும் இருக்கட்டும். திரும்பும் வழியில் கீரை, வெள்ளரிப் பிஞ்சு, நாவல் பழம் என்று ஏதாவது கிடைக்கும். பையோடு போகும் நாளில் யாரும் எங்கே போறிய என்று இரண்டாம் முறை கேட்பதில்லை.